தேவதானத்துக் காரின் இடது பக்கம்

போன மாதம் செல்வம் போன் செய்தான். என்னிடம் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் சொந்தமாக டிங்கர் ஷெட் வைத்திருக்கிறான். பழைய கார்களைப் புதுப்பித்துத் தரும் வேலை அவனுக்கு நிறைய வருகிறது. துருவின் மேல் தடவினால் அதைக் கறுப்பாக்கி இறுக்கிவிடும் திரவம் ஒன்று டப்பாவில் வந்திருக்கிறதாம். அதைத் தடவி, மேலே பட்டி போட்டுத் தேய்த்துவிட்டால், தகட்டை வெட்டி ஒட்டுகிற வேலையே மிச்சம் என்று கடைக்காரர் சொல்கிறாராம். கதவுக்குக் கீழே உள்ள சேனலுக்கும் அதையே தடவலாமா என்று கேட்டான். மேல்துருவுக்குத் தடவு, சேனலுக்குத் தடவாதே என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் சொல்லக்கூடியது இல்லை என்று வைத்துவிட்டேன்.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தகரத்தோடு கிடந்தவன் நான். அதில் ஒரு கார் என்னை உலுக்கிவிட்டது. செல்வத்துக்குச் சொல்லவேண்டியது அந்தக் காரைப் பற்றித்தான்.

பதினெட்டு வயதில் ராஜபாளையத்தில் ஒரு ஷெட்டில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்ததில் விரல் ரேகை அழிந்தது. மூன்றாம் வருஷம் சுத்தியலும், தகட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கிற டாலியும் கைக்கு வந்தன. அதற்கு அடுத்த வருஷம் கேஸ் வெல்டிங். கற்றுக்கொண்டதைப் பற்றி இவ்வளவு போதும்.

அங்கே மேஸ்திரியாக இருந்தவர் ராமராஜா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நான் சேர்ந்த முதல் நாள் ஒரு பானெட்டைக் காட்டி "சூடு" என்றார். நான் கையைப் படக்கென்று இழுத்துக்கொண்டேன். தெலுங்கில் 'பார்' என்கிறார் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்ன பிறகுதான் விளங்கியது. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. வேலை பிடிக்கவில்லை என்றால் அதன் முன்னால் போய் நின்றுகொண்டிருப்பார். நாம் வந்து அதைப் பிரிக்கிறவரை நகரமாட்டார்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு கோணி ஊசி வைத்திருப்பார். பழைய கார் உள்ளே வந்ததும் பெயிண்டைப் பார்க்கமாட்டார். கீழே படுத்து, முதலில் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போவார். தகடு நன்றாக இருந்தால் 'டிங்' என்று கேட்கும். பட்டி இருந்தால் 'பொத்' என்று கேட்கும். சத்தம் மாறுகிற இடத்தில் ஊசியை வைத்து அழுத்துவார். ஊசி நின்றால் மேல்துரு; தேய்த்துவிட்டுப் பிரைமர் அடிக்கலாம். ஊசி நுனி இறங்கினால் தகடு பாதி தின்னப்பட்டுவிட்டது. ஊசி உள்ளே போய்விட்டால் அங்கே தகடே இல்லை, வெறும் பெயிண்ட்தான் நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் துரு தெரிகிற எல்லையில் வெட்டக் கூடாது. இரண்டு விரற்கடை தள்ளி நல்ல தகட்டில் வெட்டவேண்டும். ஒட்டுத் தகட்டின் நான்கு மூலைகளையும் வட்டமாக வளைத்து வெட்டவேண்டும். மூலை கூராக இருந்தால் வண்டி குலுங்கும்போது அங்கிருந்துதான் விரிசல் ஓடும் என்பார். அந்த வட்டத்தை அவர் வெட்டினால் நாலும் அச்சில் வார்த்தது போல் ஒன்றாக இருக்கும். எங்கள் யாருக்கும் அது வரவில்லை.

துரு எப்படிப்பட்டது என்று நான் கண்ணால் பார்த்தது நாலாம் வருஷம். ஒரு டாக்சியின் சேனலுக்குக் கீழே ஜாக்கி வைத்துத் தூக்கினேன். வெளியே பளபளவென்று இருந்த சேனல் அது. கார் மேலே ஏறுவதற்குப் பதிலாக, ஜாக்கி காருக்குள் ஏறியது. என்ன நடக்கிறது என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராமராஜா மேஸ்திரி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். கார் 'தொம்' என்று உட்கார்ந்தது. என் தலை இருந்த இடத்தில் கதவின் அடிப்பாகம் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. துருவின் மேல் பட்டி போடுகிறவன் கொலைகாரன் என்று மட்டும் சொன்னார். பட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சொல் ஞாபகம் வரும்.

அவர் வயதாகி வீட்டோடு இருந்துவிட்ட பிறகு ஷெட்டில் நான் மூத்தவன் ஆனேன். நான் ஓய்வுபெற ஒரு வருஷம் இருக்கும்போது தேவதானத்திலிருந்து ஒரு அம்பாசடர் காரை லாரியில் ஏற்றி வந்தார்கள். முதல் மாடல். ஒரு தென்னந்தோப்பு ஷெட்டில் வெகுகாலம் பூட்டிக் கிடந்த கார். கூட வந்தவர் கோமதி டீச்சர். வத்திராயிருப்பில் தலைமையாசிரியையாக இருந்து அப்போதுதான் ஓய்வுபெற்றவர். அப்பா காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது, தம்பி ராணுவத்தில். சொத்தைப் பிரித்தபோது இந்தக் காரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாராம். பழையபடி ஓடவேண்டும், அவசரம் இல்லை, ஒவ்வொரு தகட்டையும் பார்த்துச் செய்யுங்கள் என்றார். எந்த ஷெட்டுக்கும் போயிருக்கலாமே, எங்களைத் தேடி வந்தது ஏன் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கண்ணாடி, சீட்டு, கதவு எல்லாம் கழற்றினோம். பின்சீட்டுக்கு முன்னால், இடது பக்கம், கால் வைக்கிற இடத்தில் ரப்பர் விரிப்புக்கு அடியில் ஒரு பலகை இருந்தது. வீட்டுக் கதவிலிருந்து அறுத்த பலகை. அதை எடுத்தால் தளத்தில் முறம் அளவுக்கு ஓட்டை. கிராமத்தில் யாரோ சமாளித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வந்தேன். சேனலைப் பார்த்தால் வளைவு கொஞ்சமும் கெடாமல், கம்பெனியிலிருந்து வந்தது போல் இருந்தது. உள்ளே இவ்வளவு ஓட்டை, வெளியே இவ்வளவு சுத்தமா என்று நாணயத்தால் தட்டினேன். பொத்.

கிரைண்டரை வைத்தேன். இரும்பு என்றால் பொறி பறக்கவேண்டும். வெள்ளைப் புழுதி பறந்தது. கட்டைவிரல் கனத்துக்குப் பட்டி. கேஸ் தீயைக் காட்டிச் சூடேற்றிச் சுரண்டினேன். பட்டிக்கு அடியில் கோணிச் சாக்கு. சாக்குக்கு அடியில் ஒரு எண்ணெய் டின்னை வெட்டி, தட்டி விரித்த தகரம். அதன் மேல் எழுத்துகூட அழியவில்லை. தகரத்துக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு கதவுக்குமாக ஓடுகிற சேனல் முக்கால்வாசி காற்று.

இப்படி மூடி மறைத்த வேலையை நான் நூறு பார்த்திருப்பேன். அதற்காக அதிரவில்லை. தகரத்தின் மூலையில் ஒட்டியிருந்த பட்டியை உளியால் தட்டிவிட்டபோதுதான் கை நின்றுபோனது. மூலை வட்டமாக வெட்டியிருந்தது. அடுத்த மூலையைத் தட்டினேன். அதுவும் வட்டம். நாலும் வட்டம், அச்சில் வார்த்தது போல.

கேஸ் தீ எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் வந்து அதை அணைத்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வட்டத்தை வெட்டக்கூடிய கை இந்த ஊரில் ஒன்றுதான். வேறு யாராவது பார்த்துப் பழகியிருப்பார்களோ என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

சாயங்காலம் அந்தத் தகரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். கண் மங்கல். நாற்காலியில் இருந்தார். தகரத்தை அவர் மடியில் வைத்தேன். விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே போனார். மூலைக்கு வந்ததும் விரல் நின்றது.

"தேவதானத்துக் காரா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"யாருக்கும் ஏதும் ஆச்சாலே?"

எனக்குத் தெரியாது என்றேன். பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். அந்த வீட்டுக்காரர், டீச்சருடைய அப்பா, மகளைக் கல்யாணத்துக்காக மாப்பிள்ளை ஊரான வத்திராயிருப்புக்கு அழைத்துப் போக நாலு நாள் இருக்கும்போது, நாங்கள் எல்லோரும் வேலை முடிந்து போன பிறகு, காரைக் கொண்டுவந்தாராம். மழைத்தண்ணீர் நின்ற ஷெட்டில் கிடந்து இடது பக்கம் முழுக்க அரித்திருந்தது. பத்து நாளாவது வேண்டும், இதில் போகாதீர்கள் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அவர் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும் தெருவில் நிற்பார்கள், மகள் இந்தக் காரில்தான் போய் இறங்கவேண்டும் என்று ஷெட் வாசலில் நின்று அழுதாராம். கல்யாணம் முடிந்த ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்து முழுசாகப் பிரித்துப் போட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். மேஸ்திரியும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர். ஷெட்டுக்கு லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாதபோது, தன் கையால் இதைச் செய்து அனுப்பினார்.

கார் திரும்பி வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவரே தேவதானம் போனாராம். கார் இங்கே இல்லை என்று வேலையாள் சொல்லி அனுப்பிவிட்டார். யாருக்கோ விற்றுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ரோட்டில் ஏதாவது கார் கவிழ்ந்தது என்று காதில் விழுந்தால், என்ன கார், என்ன கலர் என்று விசாரிக்காமல் அவரால் சாப்பிட முடியாதாம். முப்பத்தெட்டு வருஷம்.

கோபப்படலாம் என்று நினைத்துப் போனவன் நான். துருவின் மேல் பட்டி போடுகிறவனை அவர் என்ன சொல்வார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அதை நான் வாயில் எடுக்கவில்லை. டீச்சரிடம் நாளைக்குச் சொல்லியாகவேண்டும் என்று மட்டும் சொன்னேன். யார் செய்தது என்பதைச் சொல்லவேண்டியதில்லை, பழைய வேலை என்று விட்டுவிடலாம் என்றும் சொன்னேன். அவர் தகரத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை டீச்சர் வந்தார். சேனலையும் தளத்தையும் காட்டி, எப்படி மூடியிருந்தது என்று விளக்கினேன். அவர் ஓட்டைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். பிறகு, இந்த ஓட்டை விழுந்தபோது நான் உள்ளே இருந்தேன் என்றார்.

கல்யாணத்துக்கு முதல் நாள். அப்பா ஓட்ட, அம்மா முன்னால், இவர் பின்னால். ராஜபாளையம் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் திரும்பி வத்திராயிருப்பு ரோட்டில் போகும்போது ஒரு சின்னப் பாலம். கார் தூக்கிப் போட்டது. காலடியில் ரப்பர் விரிப்பு பள்ளமாக இறங்கியது. என்ன என்று காலை எடுப்பதற்குள் செருப்பு ஒன்று கீழே விழுந்து போய்விட்டது. விரிப்பு விலகி, இரண்டு காலுக்கும் நடுவே தார் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. பட்டுச் சேலையின் கொசுவம் அந்த ஓட்டைக்குள் இழுபட்டது. அதை இரண்டு கையாலும் அள்ளி மடியில் திணித்துக்கொண்டு, காலை நடுவில் உள்ள மேட்டின் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. அப்பா முன்னால் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாராம். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் பார்த்ததில்லையாம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் இன்னொரு செருப்பையும் கழற்றிவிட்டு இறங்கினார். ஆரத்தி எடுக்கிற நேரம் வெறுங்காலோடு நிற்பதை யார் கவனிப்பார்கள்? யாரும் கேட்கவில்லை.

இதைச் சொல்லும்போது டீச்சர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உள்ளங்கால் கூசியது.

அந்தச் சமயம் ஷெட் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மேஸ்திரி இறங்கினார். ஷெட்டை விட்டுப் போனதிலிருந்து அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. தடுமாறி நடந்து வந்து டீச்சர் முன்னால் நின்றார். "நான்தாம்மா செஞ்சது" என்றார்.

டீச்சர் எழுந்தார். அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

"உங்களத் தேடித்தான் இந்த ஷெட்டுக்கு வந்தேன், ஐயா. நீங்க இருக்கீங்களோ இல்லையோன்னு தெரியாது. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இது இப்படின்னு எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். இறந்துபோன மனிதர், ஒரு பொய்யில் யாருக்கு என்ன நஷ்டம்?

"தெரியும்மா" என்றார் அவர். "ஊசியக் குத்திக் காமிச்சேன். பின்சீட்டுல எடது பக்கம் ஆளு யாரும் உக்காரக் கூடாது, பிள்ளைய உங்களுக்குப் பின்னாடி உக்கார வைங்கன்னு சொன்னேன். சரின்னு கையில அடிச்சுக் குடுத்தாவ."

டீச்சர், பக்கத்தில் கிடந்த டயரின் மேல் அப்படியே உட்கார்ந்தார். அப்பா தெரிந்தேதான் உட்கார வைத்தார் என்ற அதிர்ச்சி என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வரும்போது அவர் மேஸ்திரியைப் பார்த்து, ரொம்ப மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பா அவியளுக்குப் பின்னாடிதான் உக்கார வச்சாவ. வலது பக்கந்தான் உக்காரணும், நகரக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொன்னாவ. எடது பக்கம் பூக்கூடைய வச்சாவ. சாஸ்திரம் பாக்காவன்னு நினைச்சேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிறுத்தி, கோபுரத்தக் கும்பிட்டுட்டு வரும்போது, வலது பக்கம் பஸ்ஸா வந்துச்சு. நான்தான் எடது பக்கத்துக் கதவத் திறந்து ஏறிட்டேன். கூடைய நான்தான் தள்ளி வச்சேன். அவிய கவனிக்கல."

அவர் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார் என்று தோன்றியது.

பிறகுதான் மீதி தெரிந்தது. அன்று ராத்திரி அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாராம். அம்மா அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அறை வாசலில் வந்து நின்று, இவருடைய காலையே பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் கல்யாணம் முடிந்ததும் பலகையை வைத்துக் காரை ஊருக்கு ஓட்டிப் போய், தோப்பு ஷெட்டில் பூட்டிச் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. யார் கேட்டு வந்தாலும் கார் இல்லை என்று சொல்லச் சொன்னார். அதைப் பார்த்து, தெரிந்தேதான் அந்தக் காரில் தன்னை ஏற்றி ஊர் பார்க்க அழைத்துப் போயிருக்கிறார் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். அப்பாவிடம் கேட்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து, சாப்பிட்டு, திரும்பிவிடுவாராம். அப்பா சாகும்வரை அப்படியே போய்விட்டது.

"நான் சொன்ன பக்கம் நீ உக்காரலயேன்னு அப்பா ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல" என்றார். "ஏன் கேக்கல?"

மேஸ்திரி நின்றுகொண்டே இருந்தார். டீச்சர்தான் எழுந்து, அவர் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஸ்டூலில் உட்கார வைத்தார்.

அந்தக் காரில் நான் ஏழு மாதம் வேலை செய்தேன். இடது சேனலை வெளித்தகடு, உள்தகடு, நடுவில் நிற்கும் தாங்கு தகடு எல்லாம் சேர்த்து முழுசாக வெட்டி எடுத்தேன். வெட்டுவதற்கு முன்னால் கதவு நிற்கிற இடைவெளிகளில் குறுக்கே கம்பி வைத்து ஒட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் பாடி தொங்கிவிடும், பிறகு கதவு எந்தக் காலத்திலும் பொருந்தாது. புதுத் தகட்டை மடித்து, பிரைமர் அடித்து, காயவிட்டு, அதற்குப் பிறகு மூடினேன். மூடிய பிறகு உட்புறத்துக்கு மெழுகு கலந்த எண்ணெயை ஊசிக்குழாய் வைத்துப் பீய்ச்சி, தண்ணீர் வடிய அடியில் துளை விட்டேன். கண்ணுக்குத் தெரியாத உட்பக்கம்தான் முதலில் துருப்பிடிக்கும். தளத்துக்கு வழக்கத்தைவிடக் கனமான தகடு போட்டேன். வேண்டியதில்லைதான், ஆனாலும் போட்டேன். மேஸ்திரி வாரம் ஒருதரம் ஆட்டோவில் வந்து, விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு குறையும் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

வண்டி தயாரான அன்று, ஓட்டிப் பார்க்கிற ஓட்டத்துக்கு வத்திராயிருப்பு ரோட்டுக்கே போகலாம் என்றார் டீச்சர். மேஸ்திரியையும் வரச் சொன்னார். நான் ஓட்டினேன். டீச்சர் பின்சீட்டில் எனக்குப் பின்னால் ஏறினார். மேஸ்திரியை முன்னால் உட்காரச் சொன்னேன். அவர் கேட்காததுபோல் சுற்றிப்போய்ப் பின்னால் இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார்.

கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி பஸ்கள் வரிசையாக நின்றதில் கொஞ்ச நேரம் ஊர்ந்தோம். பிறகு திரும்பினோம். பிளவக்கல் பக்கத்து மலை தெரிய ஆரம்பித்தது. டீச்சர் என் தோளைத் தொட்டு, அந்தப் பாலம் வருகிறது, வேகத்தைக் குறைக்கவேண்டாம் என்றார். நான் குறைக்கவில்லை. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. கதவுகூட அதிரவில்லை.

பாலம் தாண்டியதும் டீச்சர் பேசுவது கேட்டது.

"ஐயா, காலக் கீழ வைங்க. ஒண்ணும் ஆகாது."

நான் வண்டியை ஓரம்கட்டித் திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரி முன்சீட்டின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் படாமல் தூக்கிக்கொண்டிருந்தார். எந்த இடத்திலிருந்து அப்படித் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாரோ தெரியவில்லை. டீச்சர் அவர் முழங்கால் மேல் கையை வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு காலை மெதுவாக இறக்கினார். தகடு தாங்கியது. அப்புறம் அடுத்த காலையும் வைத்தார்.